சுந்தரின் கழுத்துப்பட்டை

காக்கி போட்ட முதல் மாதம் நீங்கள் எல்லோரும் சிறுத்தைக் கனவு காண்பீர்கள், பிள்ளைகளே. நானும் கண்டேன். சிறுத்தை வராது. போன் வரும். "சார், கிச்சன்ல பாம்பு." "சார், மொட்டமாடில மயிலு வந்து வத்தல தின்னுது." "சார், நாங்க வளக்குற கொரங்கு சோபாவ விட்டு எழுந்துக்க மாட்டேங்குது, எங்க வூட்டுக்காரர் நின்னுக்கினே டிவி பாக்கறார்." கடைசியில் சொன்னதை நான் கட்டிவிடவில்லை. அந்த வீட்டுக்காரர் அன்று என்னிடம், சோபா கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ரிமோட்டையாவது வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டார்.

உங்களோடு இந்த முறை வேலைக்குச் சேர்ந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. "அப்பா, நீ பேச ஆரம்பிச்சா சோறு ஆறிப் போவுது, எழுதிக் குடு, நாங்க படிச்சிக்கிறோம்" என்றாள். பத்தாவதோடு நின்றவன் நான். வனக் காவலராகவே சேர்ந்து வனக் காவலராகவே ஓய்வு பெற்றேன். பாம்பை எப்படிப் பையில் போடுவது, கூண்டை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். வீட்டில் வளர்த்த குரங்கைப் பிடிக்கப் போவது வேறு. அங்கே குரங்கைவிட, அதைப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு நிற்கும் மனிதரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு ஆம்பூரில் நடந்த ஒன்று போதும்.

கோடைக்காலம். மலையில் தீப்பிடித்து, எங்கள் சரகத்தில் கால் கை நன்றாக இருந்தவர்கள் எல்லோரும் தீயை அடித்து அணைக்கத் தழைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். கணுக்கால் சுளுக்கியிருந்த என்னை அலுவலகத்தில் போனுக்குக் காவல் வைத்திருந்தார்கள். மதியம் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், சுந்தரு குழந்த ரூம்ல பூந்துக்கினு யாரையும் உள்ள விடமாட்டேங்கறான். கிட்ட போனா கடிக்க வர்றான்."

"குடிச்சிருக்காராம்மா?"

"அவன் குடிக்கமாட்டான் சார்."

"குடும்பச் சண்டைன்னா போலீஸுக்குப் போடுங்க. இது ஃபாரஸ்ட் ஆபீஸ்."

"சார், சுந்தரு கொரங்கு சார். உள்ள இருக்கறது எம் புள்ள."

நொண்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

ஷூ கம்பெனி ஒன்றின் பின்பக்கத் தெரு. தோல் வாடையை வைத்தே, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வீடு குளோரி டீச்சருடையது. தொடக்கப்பள்ளி ஆசிரியை, கணவர் இல்லை. போன் செய்தது அவர் மகள் ஜெபா. முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து, மூன்று மாதக் கைக்குழந்தையோடு இருந்தாள். டீச்சரின் தம்பி செல்வின் அந்த ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சுந்தர் இந்தக் குடும்பத்துக்கு வந்ததும் அவர் மூலமாகத்தான்.

பேரணாம்பட்டு மலைப்பாதையில் பிஸ்கட் பொறுக்க வந்த ஒரு தாய்க் குரங்கு லாரியில் அடிபட்டுக் கிடந்திருக்கிறது. மார்பில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டி. அந்தப் பக்கமாக வந்த செல்வின் மனசு கேட்காமல் அதை ஹெல்மெட்டுக்குள் வைத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மனசு கேட்காத மனிதர்கள்தான் நம் துறைக்கு அதிக வேலை வைப்பவர்கள். டீச்சர் பால் புட்டி வாங்கினார், பவுடர் போட்டார், சுந்தர் என்று பெயர் வைத்தார். சர்ச்சுக்குக் கூட்டிப் போனால் சுந்தர் ஜெபத்தின்போது கை கூப்புவானாம். பிறகு காணிக்கைப் பையில் கை விட்டதால் வீட்டோடு நிறுத்திவிட்டார்களாம். தெரு முழுவதும் அவனுக்கு வாழைப்பழம் கொடுத்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் ஆஞ்சநேயர் என்று கும்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது. இப்படித்தான் நடக்கும். குட்டியாக இருக்கும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். கோரைப்பல் முளைத்த பிறகுதான் குரங்கு வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று ஞாபகம் வரும்.

நான் போனபோது கூடம் நிறைய ஜனம். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். சேலையில் கட்டிய தூளி. அதன் மேல்கட்டையில் சுந்தர் உட்கார்ந்திருந்தான். நன்றாக வளர்ந்த ஆண் குரங்கு. அறுத்துக்கொண்ட சங்கிலியின் மிச்சம் கழுத்துப்பட்டையிலிருந்து தொங்கியது. ஒரு கை தூளிக்குள் போய்க் குழந்தையின் சட்டையைப் பிடித்திருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜெபா குளித்துவிட்டு வந்து பார்த்து, துடைப்பத்தை ஓங்கியிருக்கிறாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு குழந்தையைச் சட்டையோடு தூக்கப் பார்த்திருக்கிறான். துடைப்பத்தைக் கீழே போட்டதும் அவனும் விட்டுவிட்டானாம்.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை. ஒருவர் பட்டாசு வெடிக்கலாம் என்றார். ஒருவர் மிளகாய்ப்பொடி என்றார். ஒரு தம்பி எதுவும் சொல்லாமல் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன்தான் இருந்தவர்களில் குறைந்த ஆபத்து. பக்கத்து வீட்டு ரஃபீக் பாய் என் காதருகே வந்தார்.

"சார், ஒரு பிளேட் பிரியாணி உள்ள தள்ளிப் பாக்கலாமா? எங்க ஊரு பிரியாணிக்கு எவனும் எழுந்து வருவான்."

"பாய், மொதல்ல இந்தக் கூட்டம் போவணும். சத்தமே இல்லாம போவணும். உங்களால ஆவுமா?"

"சத்தம் இல்லாம இந்த ஊர்ல இன்னா சார் நடந்திருக்குது" என்றவர், நாலு பேர் காதில் ஏதோ முணுமுணுத்தார். கூட்டம் மாயமாய்க் கரைந்தது. குடம் மோதும் சத்தம் மட்டும் தெருவில் கேட்டது. தெரு முனையில் தண்ணீர் லாரி நிற்கிறது என்று சொன்னாராம். லாரி கிடையாது. அந்தப் பாவம் அவரைச் சேரட்டும். அன்றைக்கு அவர் செய்ததுதான் நான் பார்த்ததிலேயே நல்ல கூட்டக் கட்டுப்பாடு. நம் வேலையில் பாதி இதுதான். மிருகத்தைப் பிடிக்குமுன் மனிதர்களை அனுப்புங்கள்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பேரப்புள்ளயும் வேணும், இவனும் வேணும். சுட்டுட மாட்டீங்களே?"

"எங்கிட்ட துப்பாக்கி இல்ல டீச்சர். லத்தியக்கூட ஆபீஸ்ல வெச்சிட்டு வந்துட்டேன்."

ஜெபா சுவரோடு சுவராக நின்றிருந்தாள். ஈரத்தலை தோளை நனைத்துக்கொண்டிருந்தது. "இன்னும் அவன் வேணுமாம்மா உனக்கு? எம் புள்ள முழிச்சிக்கினு அழுதான்னா அவன் இன்னா பண்ணுவான்னு உனக்குத் தெரியுமா?"

யாருக்கும் தெரியாது என்பதுதான் பதில்.

கால்நடை மருத்துவர் அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் மூன்று நான்கு சரகத்துக்கும் அவர்தான் வருவார். மயக்க ஊசி, வலை எல்லாம் அவர் வண்டியில். அப்போது பள்ளிகொண்டா தாண்டி ஒரு விபத்தில் வண்டிகள் நின்றுபோய், நடுவில் மாட்டியிருந்தார். என்னைப் பேச விடாமல் கேள்வி கேட்டார்.

"குழந்தை தூங்குதா? சரி. நான் வந்தாலும் அங்க ஊசி போடமாட்டேன். ஊசி பட்டதும் அது விழாது. மயங்கற வரைக்கும் வலியில எதையாவது புடிச்சி இழுக்கும். பக்கத்துல இருக்கறது குழந்தை. குரங்கு யார்கிட்ட நல்லா இருக்கும்?"

"டீச்சர்கிட்ட."

"அவங்க அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது. தினமும் அவங்களும் அதுவும் சேர்ந்து என்ன பண்ணுவாங்க? கேளுங்க."

கேட்டேன். டீச்சர் கொஞ்சம் வெட்கப்பட்டார். பள்ளி விட்டு வந்ததும் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்ப்பாராம். சுந்தர் வந்து முதுகுப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாக விலக்கிப் பேன் பார்ப்பானாம். "எனக்குப் பேன் இல்ல சார்" என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்த நேரத்திலும் அது அவருக்கு முக்கியமாக இருந்தது.

அதை டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "அதையே செய்யட்டும். அந்த ரூம்லேர்ந்து பின்கட்டுக்குக் கதவு இருக்கா? அது வெளிய போனதும் கதவைச் சாத்திடுங்க" என்றார்.

"மேடம், கோவத்துல இருக்கற குரங்குக்கு முதுகைக் காட்டிக்கினு உக்காரச் சொல்றதா?"

"ஆபத்துதான். உள்ள இருக்கற ஆபத்தைவிடக் கம்மி. அவங்ககிட்ட ஒண்ணையும் மறைக்காதீங்க. 'ஒண்ணும் ஆவாது'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொல்லிட்டு, முடிவை அவங்க எடுக்கட்டும்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். காக்கி போட்டவன் சொன்னால் ஜனம் நம்பும். நம்பி, பயமில்லாமல் கையை நீட்டுவார்கள். பயத்தோடு செய்பவர்தான் மெதுவாகச் செய்வார். நான் டீச்சரிடம், "கடிக்கலாம், டீச்சர். கழுத்து, காது எங்க வேணும்னாலும். அவன் வரும்போது திரும்பிப் பாக்கக் கூடாது, கண்ணப் பாக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது" என்றேன்.

"இந்த நேரத்துல எவ சார் சிரிப்பா?" என்று கேட்டுவிட்டு அவர் பின்கட்டுக்குப் போனார்.

பின்கதவை வெளியிலிருந்து மெல்லத் திறந்துவைத்து, அதன் தாழில் துணிக்கயிறு கட்டி, வெளிச்சுவர் மறைவில் நான் பிடித்துக்கொண்டேன். கூடத்துக் கதவருகே ஜெபா. டீச்சர் கல்லில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். பாதி நரைத்த, நீளமான முடி. வழக்கமாகப் பாடும் பாட்டை முணுமுணுத்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அறையிலிருந்து அசைவே இல்லை. குழந்தை ஒரு முறை முனகியது. ஜெபா வாயைக் கையால் பொத்திக்கொண்டதைக் கதவிடுக்கில் பார்த்தேன். பிறகு தூளிக் கட்டை கிறீச்சிட்டது.

சுந்தர் வெளியே வந்தான். வாசலில் நின்று என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அதிகாரிகள்கூட என்னை அப்படி அலட்சியமாகப் பார்த்ததில்லை. போய் டீச்சர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து முடியை விலக்க ஆரம்பித்தான். கயிற்றை இழுத்தேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஜெபா ஓடிப் பிள்ளையை அள்ளிய சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. அந்தப் பெண்ணை நம் துறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி டாக்டரம்மா வரும்வரை டீச்சர் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். குழந்தை பிழைத்தது, சுந்தரும் கோபம் தணிந்தான், டீச்சர் கேட்ட இரண்டும் கிடைக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அப்போது மதில்மேல் செல்வின் தலை தெரிந்தது.

சேதி கேட்டு கம்பெனியிலிருந்து ஓடி வந்திருக்கிறார். வெறுங்கையோடு வரவில்லை, இரண்டு கையிலும் தோல் கையுறை. "எக்ஸ்போர்ட் மால் சார், ஒண்ணும் ஆவாது" என்று என்னிடம் கிசுகிசுத்தார். குளிர் தேசத்துப் பெண்கள் கார் ஓட்டும்போது போட்டுக்கொள்கிற கையுறை அது. பட்டு மாதிரி. வேண்டாம் என்று நான் கை காட்டுவதற்குள் குதித்து, சுந்தரின் கழுத்துப்பட்டையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தார். பட்டை எதற்கு இருக்கிறது, பிடிக்கத்தானே.

சுந்தர் போட்ட சத்தம் குரங்குச் சத்தம் மாதிரியே இல்லை. கையுறையோடு செல்வினின் கட்டைவிரல் அடியைக் கடித்தான். தடுக்கத் திரும்பிய டீச்சரின் காதைக் கிழித்துக்கொண்டு அவர் தோள்மேல் ஏறி, தென்னை மரத்துக்குத் தாவிவிட்டான்.

எல்லாம் மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்தது. வீட்டுக் குரங்குக்கும் காட்டுக் குரங்குக்கும் பல் ஒன்றுதான், பிள்ளைகளே. நாம் பெயர் வைத்ததால் அதன் நீளம் குறைவதில்லை.

யாரோ மஞ்சள்பொடியோடு ஓடி வந்தார்கள். "மஞ்சளும் வேணாம், சுண்ணாம்பும் வேணாம், சோப்பு எடுங்க" என்று கத்தினேன். அன்று நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, கால் மணி நேரம் கழுவ வேண்டும். அப்புறம் உடனே ஆஸ்பத்திரி, வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசி. நம் வேலையில் மறக்கக் கூடாத பாடம் இதுதான். அக்காவும் தம்பியும் பின்கட்டுக் குழாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தோளை இடித்துக்கொண்டு நின்றார்கள். ரஃபீக் பாய் தன் வீட்டுச் சோப்பைக் கொடுத்துவிட்டு, ஆட்டோவைத் தயாராக நிறுத்தினார்.

"நான்தான் வந்துட்டேனேக்கா, நீ ஏன் திரும்புன?" என்று செல்வின் கேட்டார்.

"நீ வந்ததாலதான்டா திரும்புனேன்" என்றார் டீச்சர்.

அவர்கள் கழுவிக்கொண்டிருந்தபோதே டாக்டரம்மா வந்து சேர்ந்தார். சுந்தர் மரத்தில் தாழ்வான ஒரு மட்டையில், கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊதுகுழலில் ஊசியை வைத்து ஊதினார். அவன் தள்ளாடுகிற வரை காத்திருந்தோம். வலையில் விழுந்தவனைத் துவைக்கும் கல்லில் கிடத்தினார்.

கழுத்து முடியை விலக்கிப் பார்த்த டாக்டரம்மா, "டார்ச் அடிங்க" என்றார். பகல் வெளிச்சத்தில் எதற்கு என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். பட்டையின் மேல்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. மீதி தெரியவில்லை. பட்டையின் தோல் அவன் தோலுக்குள் போயிருந்தது. சுற்றிலும் சதை வளர்ந்து, சீழ் பிடித்து, அதை முடி மூடியிருந்தது.

"யாரு போட்டது இது?"

செல்வின் குழாயடியிலிருந்து பேசினார். "நான்தான் மேடம். பக்கிள் வெச்சா அவனே கழட்டிடுறான். அதான் பட்டை ரெண்டு முனையும் சேத்து மெஷின்ல தச்சிட்டேன். மாட்டு முதுகுத் தோல்லேர்ந்து வெட்டுன பீஸு, முதல் ரகம். அவன் வளர வளர விட்டுக் குடுக்கும்னு நெனச்சேன். புது ஷூ மொதல்ல கடிக்குது, போடப் போட காலுக்குத் தக்கன சரியாயிடுது இல்ல, அந்த மாரி."

டாக்டரம்மா கத்தரிக்கோலைப் பட்டைக்கு அடியில் நுழைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "ஷூவை ராத்திரி கழட்டி வெச்சிடுவீங்களே மாஸ்டர்" என்றார்.

செல்வின் கையை மறுபடி குழாய்த் தண்ணீருக்கு அடியில் நீட்டினார்.

"ஒரு மாசமா கழுத்துல கை வெக்க விடல" என்றார் டீச்சர் மெதுவாக. "சீறுவான். பாப்பா வந்ததுக்குப் பொறாம படறான்னு நெனச்சிக்கினு, நானே ரெண்டு தடவ அடிச்சிட்டேன்."

"அப்ப பட்டையை எடுத்துட்டா சரியாயிடுவானா மேடம்?" என்று செல்வின் கேட்டார். அக்கா முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

டாக்டரம்மா அப்போது பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு அது மருந்து மாதிரி இறங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. "ஆகமாட்டான். பட்டை இல்லைன்னா கொஞ்சம் லேட்டா கடிச்சிருப்பான். வளர்ந்த ஆண் குரங்கு. கூட்டத்துல இருந்தா அதுக்குன்னு சண்டை போட, ஜோடி தேட ஆள் இருக்கும். இங்க உங்களைத் தவிர யாரும் இல்லை. இனி இவனைக் காட்டுல விட்டாலும் மத்த குரங்குங்க சேக்காது, கொன்னுடும். வீட்லயும் வெக்க முடியாது. கடைசி வரைக்கும் மீட்பு மையத்துல கூண்டுதான்."

டீச்சர் காதிலிருந்து ரத்தமும் சோப்பு நுரையும் சேர்ந்து வழிந்தது. "நான் போய்ப் பாக்கலாமா?" என்றார்.

"போகாதீங்க. நீங்க வந்துக்கிட்டிருக்கற வரைக்கும் அவன் உங்களுக்காகவே காத்துக்கிட்டிருப்பான். மத்த குரங்குகிட்ட போகமாட்டான்."

அவர் போகவில்லை. எனக்கு அந்த மையத்துப் பக்கம் வேலை வரும்போதெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். இளைத்திருந்தான் என்றால் இளைத்திருந்தான் என்றேன். கழுத்துப் புண் ஆறியது என்றால் ஆறியது என்றேன். செல்வினின் கட்டைவிரல் மடங்குகிறது, முன்போல இல்லை. கம்பெனியில் அவரை வெட்டும் மேசையிலிருந்து சோதனை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குச் சோதிப்பதில் இப்போது ரொம்பக் கண்டிப்பு என்று கேள்வி.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு அதே தெருவிலிருந்து மறுபடி போன். கூப்பிட்டது குளோரி டீச்சர். எதிர் வீட்டு லாரி டிரைவர் காலையில் மலைப்பாதையிலிருந்து ஒரு குட்டியை எடுத்து வந்துவிட்டார். தாய் சாகவில்லை, பாறையில் தனியாக இருந்ததைப் பார்த்துப் பாவம் என்று தூக்கிவிட்டாராம். மனசு கேட்காத இன்னொருவர். நான் போனபோது டிரைவரின் மனைவி குட்டியைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றாள்.

"சார், நாங்க நல்லா பாத்துக்குவோம். எங்களது கடிக்காது."

சட்டத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். டீச்சர் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, முடியை ஒதுக்கிக் காதை அவளுக்குக் காட்டினார். பாதிக் காது இல்லை. "என்னுதும் கடிக்காதுதாம்மா" என்றார்.

அவள் குட்டியை டீச்சர் கையில் கொடுத்துவிட்டாள். கொடுத்த உடனே அது அவர் சேலையை நாலு கையாலும் பற்றிக்கொண்டு, மார்பில் முகத்தைப் புதைத்தது. நான் துணிப்பையை விரித்துக்கொண்டு நின்றேன். தாயும் கூட்டமும் இன்னும் அந்தப் பாறைப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுபோய் விட்டுவிட்டால் சேர்ந்துவிடும். அவசரம்தான். ஆனால் அவரை அவசரப்படுத்த என்னால் முடியவில்லை.

டீச்சர் அதன் விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து பிரித்தார். ஒன்றை விடுவித்தால் இன்னொன்று பற்றிக்கொண்டது. அதையும் பிரித்தார். கடைசியில் பையில் விட்டுவிட்டு, பையின் வாயை அவரே சுருக்குப் போட்டுக் கட்டி என்னிடம் நீட்டினார்.

"சீக்கிரம் எடுத்துக்கினு போங்க சார்" என்றார். "உள்ள பால் காயுது. நான் பாட்டுக்கு இதுக்கு ஆத்தப் போய்டுவேன்."